பிளஸ் ஒன்னில் தொடங்கி கல்லூரியில் சேரும் வரை: உயர்கல்வி விண்ணப்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளோடு உட்காரும்போது என்னை மிகவும் வருத்துவது ஒன்றுதான். நல்ல மதிப்பெண் இருக்கும். ஆனால் தேதி போயிருக்கும், அல்லது ஒரு சான்றிதழ் கையில் இருக்காது, அல்லது கல்லூரிப் பட்டியலைத் தப்பான வரிசையில் அடுக்கியிருப்பார்கள். படித்து வாங்கிய இடம் இப்படிக் கைநழுவிப் போகக் கூடாது.

இவை எல்லாமே முன்கூட்டியே சரிசெய்யக் கூடியவை. ஆனால் வரிசை முக்கியம். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் நகரும். ஒரு கணக்குக்காக, 2025-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு என்ன நடந்ததோ அதைச் சொல்லியிருக்கிறேன்.

1. எங்கே எதை வைத்துச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள் (பிளஸ் ஒன், ஜூன் – ஜூலை)

எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று விசாரிப்பதற்கு முன்னால், அங்கே எதை வைத்து இடம் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே போதுமான இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கவுன்சிலிங், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாம் இந்த வகை.

நுழைவுத்தேர்வு கேட்பவை இன்னொரு வகை. மருத்துவத்துக்கு நீட். ஐஐடி, என்ஐடிக்கு ஜேஇஇ. தில்லி, புதுச்சேரி, திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட். திருச்சியில் உள்ளது உட்பட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட். கட்டடக்கலைக்கு நாட்டா. அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான ஐசர் நிறுவனங்களுக்கும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்துக்கும் தனித்தனித் தேர்வு.

மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கும் இடங்களிலும் கணக்கு ஒன்றுபோல் இருக்காது. ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90, உயிரியலில் 94 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொறியியலுக்குக் கணிதம் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேரும்: 92 + 43 + 45 = 180. வேளாண்மைக்கு நான்கு பாடமும் பாதிப் பாதியாக: 46 + 43 + 45 + 47 = 181. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாக: 94 + 43 + 45 = 182. மூன்றுமே 200-க்குத்தான். இந்தக் கூட்டுத்தொகையைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள்.

இதை ஏன் பிளஸ் ஒன்னிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், எந்தப் பாடத்தில் நேரம் போடுவது என்பதை இது தீர்மானிக்கிறது. பொறியியல்தான் குறி என்றால் கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இழக்கும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். கட்-ஆஃப் ஒன்றாக இருக்கும் இருவரில் யார் முன்னால் என்பதையும் முதலில் கணித மதிப்பெண்தான் முடிவு செய்யும், அப்புறம் இயற்பியல். எல்லாமே சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்குப் போவார்கள்.

பிளஸ் ஒன் மதிப்பெண் இந்தக் கட்-ஆஃபில் சேராது. அதற்காகப் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிடாதீர்கள். நீட், ஜேஇஇ வினாக்களில் பிளஸ் ஒன் பாடத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

2. குரூப்பை மாற்றுவதானால் உடனே மாற்றுங்கள்

முதல் படியை முடித்ததும் சிலருக்குத் தாங்கள் எடுத்த குரூப் பொருந்தவில்லை என்று தெரியவரும். பள்ளி தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்வது எளிது. நாள் போகப் போக, விட்டுப்போன பாடத்தையும் பிடிக்க வேண்டும், பதிவேடுகளையும் மாற்ற வேண்டும்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பது. தேவையில்லை. கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்தவரும் அதில் சேரலாம். பொறியியலா மருத்துவமா என்று இன்னும் தெளிவில்லாதவருக்குக் கணிதம் – உயிரியல் குரூப் இரண்டு வழியையும் திறந்து வைக்கும். அதில் பாடச்சுமை அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வணிகவியல் எடுப்பவர்களுக்கு: தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் படிக்கக் கியூட்டில் கணிதம் எழுத வேண்டும். இது தெரியாமல் கணிதத்தை விட்டுவிட்டு, பிளஸ் டூவில் வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல வழி இருப்பதில்லை.

பயிற்சிக்காகப் பிள்ளையை வெளிமாநிலத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். என்ஐடிகளில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. அந்தச் சொந்த மாநிலம் எது என்பது பிளஸ் டூ எங்கே எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. வீடு எங்கே என்பதை வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆந்திராவில் பிளஸ் டூ எழுதினால் திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடைக்காது.

3. பெயர், இனிஷியல், பிறந்த தேதி: மூன்றையும் ஒன்றாக்குங்கள் (பிளஸ் ஒன், அரையாண்டுக்குள்)

சான்றிதழ் வாங்குவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பான பெயரிலேயே எல்லாச் சான்றிதழும் வந்து சேரும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மேசையில் வையுங்கள். பக்கத்தில் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். பத்தாம் வகுப்பில் 'முத்துக்குமார் ரா' என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயரை விரித்து 'முத்துக்குமார் ராஜேந்திரன்' என்று இருக்கும். சாதிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். நமக்கு ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழையே அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். பிறந்த தேதிக்கும் பெயருக்கும் எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். அதிலேயே பிழை இருந்தால் பள்ளி மூலமாக அரசுத் தேர்வுகள் துறைக்கு எழுதித் திருத்த வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். முதலில் அது, அடுத்து ஆதார், அப்புறம் வங்கிக் கணக்கு என்ற வரிசையில் போங்கள்.

பிளஸ் டூ தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளி தயாரிக்கும்போது உங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிடாமல் இனிஷியல் உட்பட ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். தமிழில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

4. சான்றிதழ்கள் (பிளஸ் ஒன் முடிந்த விடுமுறை)

ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையங்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் ஓராண்டு முன்பே செய்யச் சொல்கிறேன் என்று விளங்கும். விண்ணப்பம் இ-சேவையில் போட்டாலும் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகர வேண்டும். எங்காவது ஒரு கேள்வி வந்து திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். பழைய கையெழுத்து அட்டை வைத்திருப்பவர்கள் இணையவழிச் சான்றிதழாக மாற்றி வாங்கிவிடுங்கள். சரிபார்ப்பு எளிதாகும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பலருக்குத் தெரியாமலே போகிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என்று குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால், பொறியியல் கவுன்சிலிங் மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை. 'எங்கள் கல்லூரிக்கு நேராக வாருங்கள், இதையும் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படாது. இடையில் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் வாங்கி வையுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும். பழைய பள்ளி வேறு மாவட்டத்தில் இருந்தால், போய் வாங்க இந்த விடுமுறைதான் நேரம்.

இனி, நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றோ இருக்கும். அதை வைத்து ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. அங்கே மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவு) வரமாட்டார் என்று தாசில்தார் தரும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும். மாநிலத்தில் கிரீமி லேயர் கிடையாது என்பதால் பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அதில் கூட்ட மாட்டார்கள். மாதச் சம்பளக்காரர்கள் 'எங்களுக்குக் கிடைக்காது' என்று தாங்களாகவே முடிவு கட்டிவிட வேண்டாம், விசாரியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. உங்கள் சாதிப் பெயர் அதே எழுத்துகளில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஐஐடி, என்ஐடி கவுன்சிலிங்கில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓபிசி சான்றிதழைத்தான் ஏற்பார்கள். ஆகவே இப்போது ஒரு தடவை வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிந்த ஏப்ரலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழையும் அந்த ஏப்ரலில் புதிதாக வாங்குங்கள்.

5. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள் (பிளஸ் டூ, ஜூன்)

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதமும் போட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு தேதி எழுதுங்கள்: விண்ணப்பம் முடியும் தேதி, தேர்வுத் தேதி. வீட்டில் எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். அப்பா அம்மாவும் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் ஞாபகப்படுத்துவார்.

2025 பிளஸ் டூ மாணவர்களுக்கு இப்படி இருந்தது:

- கிளாட்: விண்ணப்பம் 2024 அக்டோபரிலேயே முடிந்தது, தேர்வு டிசம்பர் 1
- ஜேஇஇ மெயின் முதல் கட்டம்: விண்ணப்பம் அக்டோபர் 28 முதல் நவம்பர் 22 வரை, தேர்வு ஜனவரி கடைசியில், இரண்டாம் கட்டம் ஏப்ரலில்
- நீட்: விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை, தேர்வு மே 4
- கியூட்: விண்ணப்பம் மார்ச்சில், தேர்வு மே நடுவிலிருந்து
- பிளஸ் டூ பொதுத்தேர்வு: மார்ச் 3 முதல் 25 வரை, ரிசல்ட் மே 8
- தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்: பதிவு மே 7 முதல் ஜூன் 6 வரை

இந்தப் பட்டியலில் கிளாட்டைப் பாருங்கள். சட்டம் படிக்கும் ஆசை பிளஸ் டூ ரிசல்டுக்குப் பிறகு வந்தால், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கதவு ஆறு மாதம் முன்பே சாத்தப்பட்டிருக்கும். வடிவமைப்புப் படிப்புகளும் இப்படித்தான். அவற்றுக்கும் ஆண்டு முடிவுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நீட், கியூட் விண்ணப்பங்களோ செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு நெருக்கடிக்கு நடுவில் வந்து விழுகின்றன. அந்த வாரங்களில் பிள்ளையால் படிவம் நிரப்ப முடியாது. பெற்றோரோ அண்ணன் அக்காவோ நிரப்ப, பிள்ளை ஒருமுறை சரிபார்த்தால் போதும் என்ற அளவுக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஏழாவது படி அதற்குத்தான்.

6. தேர்வுகளைக் குறையுங்கள்

கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிக்காதீர்கள். பணமும் போகும், மார்ச்சில் படிக்க வேண்டிய நேரமும் போகும். 2025-இல் நீட் கட்டணம் மட்டுமே பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 1,000.

என் யோசனை இது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கும் வழி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதோடு உண்மையாகவே தயாராகும் நுழைவுத்தேர்வு ஒன்று, அதே பாடத்திட்டத்தில் கூடுதல் உழைப்பில்லாமல் எழுதக் கூடியது இன்னொன்று. ஜேஇஇக்குப் படிப்பவர் ஐசர் தேர்வையும் எழுதலாம். நீட்டுக்குப் படிப்பவர் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பித்து வைக்கலாம், மதிப்பெண்தான் கேட்பார்கள்.

நீட், ஜேஇஇ மெயின், கியூட் மூன்றையும் தமிழில் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டி அவசரமாகப் போய்விடாதீர்கள்.

7. ஒரு மின்னஞ்சல், ஒரு மொபைல் எண், ஒரு கோப்பு (பிளஸ் டூ, செப்டம்பருக்குள்)

விண்ணப்பத்துக்கென்றே மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். மொபைல் எண், அடுத்த ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விடப்படாத எண்ணாக, வீட்டில் ஒருவரிடம் எப்போதும் இருப்பதாக இருக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நேர்வது இது: கடைக்காரர் வேலை சுலபமாக முடியட்டும் என்று தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய எண்ணையும் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் ஒதுக்கீட்டை உறுதி செய்யும் நாளில் ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். அன்று கடை மூடியிருந்தால் என்ன செய்வது? கடையில் விண்ணப்பித்தாலும் எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கோப்பு. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, பெயரிட்டு, ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஒவ்வொரு இணையதளமும் கோப்பின் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். அதனால் தெளிவான பெரிய பிரதி ஒன்று, சுருக்கிய பிரதி ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், முகமும் இரு காதுகளும் தெரிய, சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். அதே படத்தில் ஒரு டஜன் பிரின்ட் போட்டு வையுங்கள். தேர்வறைக்கும் சேர்க்கைக்கும் அதே படம்தான் கேட்பார்கள்.

விண்ணப்ப எண், கடவுச்சொல், கட்டணம் கட்டிய ரசீது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும்.

8. படிவம் நிரப்பும்போது

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு முடியுங்கள். கடைசி நாளில் தளம் திணறும், பணம் போனதா என்றே தெரியாது. கணக்கில் பணம் கழிந்தும் ரசீது வரவில்லையென்றால், உடனே மறுபடி கட்டாமல் தளத்தில் நிலை மாறுகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். ஒரு வாரம் கையில் இருந்தால்தான் இந்தப் பொறுமைக்கு இடம் உண்டு.

சமர்ப்பிக்கும் முன் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே 'சரி' சொல்லட்டும். பிரிவு, பாலினம், மாநிலம், தேர்வு மையம் ஆகிய நான்கிலும் பிழை அதிகம் வருகிறது. எல்லாமே கீழிறங்கும் பட்டியலில் விரல் நழுவும் இடங்கள். திருத்தத்துக்குச் சில நாட்கள் கொடுப்பார்கள் என்றாலும் எல்லாவற்றையும் திருத்த விடுவதில்லை.

கியூட்டில் அதிகபட்சம் ஐந்து பாடம்தான் எழுத முடியும். நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகம் எந்தெந்தப் பாடம் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு எழுதிவிட்டு அப்புறம் பார்ப்போம் என்றால், நல்ல மதிப்பெண்ணோடு தகுதியில்லாமல் நிற்க நேரும்.

9. ரிசல்ட் வாரம் (மே)

பொறியியல் கவுன்சிலிங்கிற்குப் பதிவு செய்ய ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களின் மதிப்பெண் அரசுத் தேர்வுகள் துறையிலிருந்தே போய்ச் சேரும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. வீட்டில் கணினி இல்லாதவர்கள் கடைக்குப் போவதைவிட மாவட்டத்தில் உள்ள கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போங்கள். அங்கேயே பதிவு செய்து, சான்றிதழ்களைப் பதிவேற்றவும் உதவுவார்கள்.

விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டியிருக்கும். அந்தத் தேதி தனியாக அறிவிக்கப்படும், தவறவிடாதீர்கள்.

மதிப்பெண் குறைந்துவிட்டதாக உறுதியாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் மறுமதிப்பீடு கேட்க முடியும். நகலை அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் சொன்னால் மட்டும் மேலே போங்கள்.

இந்த வாரத்தில்தான் தனியார் கல்லூரிகளிலிருந்து போன் மேல் போன் வரும். 'இன்றைக்குக் கட்டினால்தான் இடம்' என்பார்கள். ரேங்க் பட்டியல் வருவதற்கு முன் முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். அசல் மதிப்பெண் சான்றிதழையோ டிசியையோ 'சும்மா கொடுத்து வையுங்கள்' என்றால் கொடுக்கவே கூடாது. திரும்ப வாங்கத்தான் பிள்ளைகள் நடையாய் நடக்கிறார்கள்.

10. சாய்ஸ் பட்டியலை அடுக்குவது (ஜூன் – ஜூலை)

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இரண்டாண்டு உழைப்பும் இந்தப் பட்டியலில்தான் இடமாக மாறுகிறது.

கணினி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் ரேங்க் வரும்போது அது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. ஆகவே மிகவும் விரும்புவது மேலே, அதற்கடுத்து விரும்புவது அதற்குக் கீழே. கிடைக்காத ஒன்றை மேலே எழுதுவதால் கீழே உள்ளதை இழக்க மாட்டீர்கள்.

இது தெரியாததால் நேரும் தவறை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு மாணவி, தனக்கு இதுதான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு அருகில் இருந்த கல்லூரியை முதலில் எழுதினாள். அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றை மூன்றாவதாக எழுதினாள். அவளுடைய ரேங்க் வந்தபோது அரசுக் கல்லூரியிலும் இடம் இருந்தது. கணினி முதலாவதைக் கொடுத்துவிட்டது. மேலே போக வழி கேட்கலாமே என்றால், அவள் பட்டியலில் அதற்கு மேலே எதுவுமே இல்லை.

பட்டியல் தயாரிக்கும் முறை இது. கவுன்சிலிங் தளத்திலேயே முந்தைய ஆண்டுகளில் கல்லூரி, பாடப்பிரிவு, சாதிப் பிரிவு வாரியாக எந்தக் கட்-ஆஃப் வரை, எந்த ரேங்க் வரை இடம் போனது என்று இருக்கும். மூன்றாண்டு விவரத்தை எடுங்கள். கட்-ஆஃபைவிட ரேங்கை நம்புங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 185 எடுத்தவர்கள் ஏராளமாக இருப்பார்கள்; கடினமான ஆண்டில் குறைவாக இருப்பார்கள். ரேங்க் அப்படி ஏறி இறங்காது. பொது ரேங்கோடு உங்கள் பிரிவு ரேங்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ரேங்குக்கு எட்டாதவை என்று தோன்றுவதில் விரும்பியவற்றைத் தாராளமாக மேலே எழுதுங்கள். நடுவில் உங்கள் ரேங்கை ஒட்டியவை. கடைசியில் நிச்சயம் கிடைக்கக் கூடியவை. எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை, நிறைய எழுதுங்கள். ஆனால் கிடைத்தாலும் போக மாட்டேன் என்று நினைக்கும் எதையும் எழுதாதீர்கள்.

கல்லூரிப் பெயரை வைத்துத் தேடாமல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி 1, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 2, குரோம்பேட்டை எம்ஐடி 4. கோவையில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 2006. அதே பெயரில் தொடங்கும் இன்னொரு கல்லூரி 2377. பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்கினால் வேறு வளாகத்தில் போய் நிற்பீர்கள்.

ஒரே கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு இரண்டு முறை இருப்பதையும் பார்ப்பீர்கள். ஒன்று அரசு உதவிபெறுவது, மற்றது சுயநிதி. பெயருக்குப் பின்னால் எஸ்எஸ் என்று இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டையும் தனித்தனியாக எழுதி, எது மேலே என்பதை வீட்டுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள். கணினியில் ஏற்றிய பிறகு பிரின்ட் எடுத்து, தாளோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுவிட்டுப் பூட்டுங்கள். நேரம் முடியும்வரை வரிசையை மாற்றலாம். ஆனால் கடைசி இரவில் யாரோ சொன்னார்கள் என்று மாற்றாதீர்கள்.

11. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும்

இடம் ஒதுக்கியதும் பதில் சொல்ல இரண்டு நாள் அளவுக்குத்தான் நேரம் தருவார்கள். பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். ஊருக்குப் போவது, விசேஷம் என்று எதையும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்றுச் சேர்கிறேன் என்றால் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்றால், கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, உதவி மையத்தில் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். வேண்டாம், மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கிறேன் என்றால், கையில் இருந்தது உங்களுக்கு இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வார்த்தை ஒன்றுபோல் இருப்பதால் அவசரத்தில் மாற்றிச் சொடுக்கிவிடுகிறார்கள். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொடுக்குங்கள்.

மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும். 'முதலில் கிடைத்ததே பரவாயில்லை' என்று திரும்ப முடியாது.

12. சேரும் நாளும் அடுத்த மாதமும்

சேரும்போது அசல் டிசியும் மதிப்பெண் சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய நாள் ஒவ்வொன்றிலும் பத்து நகல் எடுத்து, வண்ண ஸ்கேன் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு கவுன்சிலிங்கிற்கோ உதவித்தொகைக்கோ கேட்பார்கள். அப்போது அசல் உங்களிடம் இருக்காது. என்னென்ன கொடுத்தீர்கள் என்று கல்லூரியில் எழுதி, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இடத்தை விட்டுப் போகும் மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி. கேட்கும்போது அந்தச் சீட்டு கைகொடுக்கும்.

கல்விக் கடன் தேவைப்பட்டால் ஒதுக்கீட்டு ஆணையும் கல்லூரி தரும் கட்டண விவரமும் வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை.

உதவித்தொகைகளுக்குப் பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் உண்டு. பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருவதால், கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் இதற்கான பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள்.